கஞ்சித்தொட்டிக்கு ஏன் ரெண்டு கதவு?

வடசென்னைப் பக்கம் ஆட்டோவில் ஏறி "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்று சொன்னால், கொஞ்சம் வயசான டிரைவராக இருந்தால் நேரே ஸ்டான்லி வாசலில் கொண்டு போய் இறக்கிவிடுவார். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் பல பேருக்குத் தெரியாது. 1780-களின் தொடக்கத்தில் ஹைதர் அலிக்கும் கும்பெனிக்கும் நடந்த சண்டையில் சென்னையைச் சுற்றியிருந்த கிராமங்கள் நாசமாகி, ஜனங்கள் பசியோடு பட்டணத்துக்குள் வந்து குவிந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு இடம் ஏற்பாடாயிற்று. மணியக்காரர் பார்த்துக்கொண்ட இடம் என்பதால் இங்கிலீஷ்காரர் வாயில் அது 'மணேகார் சவுல்ட்ரி' ஆனது. 1799-ல் அங்கே ஒரு சின்ன வைத்தியசாலை சேர்ந்தது. அதுதான் வளர்ந்து வளர்ந்து பிற்பாடு ஸ்டான்லி. கஞ்சி ஊற்றின காலம் போய் இருநூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு. பெயர் மட்டும் போகவில்லை.

எதற்கு இந்தக் கதை என்றால், இங்கே லண்டனில் 'சூப் கிச்சன்' என்று சொல்வதற்கு நம்ம ஊரில் ஏற்கெனவே இருக்கிற வார்த்தை இதுதான்: கஞ்சித்தொட்டி. இந்தப் பதிவு லண்டனில் இருக்கிற ஒரு கஞ்சித்தொட்டிக் கட்டடத்தைப் பற்றியது. கூட்டம் தாங்காமல் இடம் மாறி, மாறி, கடைசியில் சொந்தமாகப் பெரிதாகக் கட்டிக்கொண்ட ஒரு கஞ்சித்தொட்டி. பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள் :-)

லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இறங்கி, ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் மார்க்கெட்டைத் தாண்டித் தெற்கே ரெண்டு சந்து நடந்தால் புரூன் ஸ்ட்ரீட் வரும். சின்னத் தெரு. அதில் ஒரு பழைய கட்டடத்தின் நெற்றியில் பெரிய பெரிய எழுத்தில் செதுக்கியிருக்கிறது: 'யூத ஏழைகளுக்கான சூப் கிச்சன்' (இங்கிலீஷில்தான், நான் தமிழில் சொல்கிறேன்). பக்கத்தில் ரெண்டு வருஷம். ஒன்று 1902. இன்னொன்று 5662, அது யூதர்களின் காலண்டர்படி அதே வருஷம். மேலே ஒரு சூப் பாத்திரம், மூடியோடு, சிற்பமாக. கீழே ரெண்டு கதவு. ஒன்றின் மேல் 'உள்ளே போகும் வழி', இன்னொன்றின் மேல் 'வெளியே போகும் வழி'. எழுத்தெல்லாம் இன்றைக்கும் பளிச்சென்று இருக்கிறது. உள்ளே இப்போது சூப் கிடையாது, ஃபிளாட் வீடுகள். அந்த ஏரியாவில் ஒரு ஃபிளாட் என்ன விலை போகும் என்று லண்டனில் வாடகை கொடுக்கிற யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

என்னை நிறுத்தி வைத்தது அந்தக் கதவுகள்தான். ஒரு சின்னக் கஞ்சித்தொட்டிக்கு ஒரு கதவு போதும். வருகிறவர் வருவார், வாங்குவார், அதே வழியில் போவார். ரெண்டு கதவு வைத்து, அதற்கு மேல் கல்லில் எழுதியும் வைக்கிறார்கள் என்றால், 'கூட்டம் வரும், இந்த வருஷம் மட்டுமில்லை, இனிமேலும் வரும்' என்று கட்டினவர்கள் முடிவு பண்ணிவிட்டார்கள் என்று அர்த்தம். அந்த முடிவுக்கு அவர்கள் எப்படி வந்தார்கள்?

சரி, கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பிப்போம்.

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸுக்கு ஒரு ராசி. வெளியூரிலிருந்து அடிபட்டு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் இங்கேதான் வந்து விழுவார்கள். 1685-ல் பிரான்சில் பதினான்காம் லூயி, புராட்டஸ்டன்ட்களுக்கு இருந்த மத உரிமையைப் பிடுங்கினான். ஹ்யூகெனாட் என்கிற அந்த ஜனங்கள் ஓடி வந்தார்கள். பட்டு நெசவாளர்கள் நிறையப் பேர். நல்ல கைத்தொழில்காரர்கள், ஆனால் எல்லாருக்கும் உடனே வேலை கிடைத்துவிடுமா? 1690 வாக்கில் அவர்களுக்குள்ளேயே ஒரு தர்ம வீடு ஆரம்பித்தார்கள். அதற்கு ஊர் வைத்த பெயர் 'லா சூப்'. அவ்வளவுதான், வெறும் 'சூப்'. நம்ம 'கஞ்சித்தொட்டி' மாதிரியே.

அடுத்தது நூறு வருஷம் கழித்து. பட்டு நெசவு படுத்துவிட்டது, பிரான்சோடு சண்டை, ரொட்டி விலை ஏற்றம். 1797-98 குளிர்காலத்தில் வில்லியம் ஆலன் என்கிற மருந்துக்கடைக்காரரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் சூப் சொசைட்டியை ஆரம்பித்தார்கள். ஆலன் குவேக்கர் மதப் பிரிவைச் சேர்ந்தவர், அடிமை வியாபாரத்தை எதிர்த்த ஆள். இவர்கள் சூப்பை இனாமாகக் கொடுக்கவில்லை. ஒரு குவார்ட் (ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம்) ஒரு பென்னி. அடக்க விலையைவிடக் குறைவு, ஆனால் விலை உண்டு. காசு கொடுத்து வாங்கினால் வாங்குகிறவருக்குக் கூச்சம் இருக்காது என்று ஒரு கணக்கு.

அந்தக் காலத்தில் சூப் ஒரு விஞ்ஞானமாகவே இருந்தது. கவுண்ட் ரம்ஃபோர்ட் என்று ஒருத்தர், அமெரிக்காவில் பிறந்து, ஜெர்மனியில் மியூனிக்கில் பிச்சைக்காரர்களுக்கும் ஏழைகளுக்கும் பெரிய அடுப்பு வைத்துச் சமைத்துப் போட்டவர். குறைந்த விறகில் எப்படிச் சமைப்பது, பார்லியும் பட்டாணியும் போட்டு குறைந்த செலவில் எப்படி வயிறு நிரப்புவது என்று பக்கம் பக்கமாக எழுதினார். ஒரு இடத்தில் மனுஷன் கொஞ்சம் ஓவராகப் போய்விட்டார். தண்ணீரே ஒரு சத்துள்ள ஆகாரம் என்று நம்பினார்! பார்லியோடு சேர்ந்து வேகும்போது தண்ணீரும் சாப்பாடாகிவிடுமாம். ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் சாப்பிட்ட எல்லாருக்கும் இந்தக் கொள்கையின் செயல்முறை விளக்கம் கிடைத்திருக்கும்.

இப்போது நம்ம கட்டடத்துக்கு வருவோம். யூத ஏழைகளுக்கான சூப் கிச்சன் ஆரம்பித்தது 1854-ல், லெமன் ஸ்ட்ரீட்டில். ஊரில் வேறு சூப் கிச்சன் இல்லாமலா? இருந்தது. ஆனால் கோஷர் கிடையாது. அவர்களுடைய முறைப்படி அறுக்காத மாட்டிறைச்சி போட்ட சூப்பை ஒரு பக்தியுள்ள யூதன் பசியில் செத்தாலும் தொடமாட்டான். இன்னொரு பயமும் இருந்தது. சூப்பைக் கொடுத்து, கூடவே ஏசுவையும் கொடுக்கிற மிஷன்கள் அந்த வட்டாரத்தில் சுறுசுறுப்பாக இருந்தன. 'நம்ம ஆளுக்கு நாமே போடாவிட்டால் வேறு யாராவது போடுவான்' என்கிற கவலையில் பிறந்ததுதான் இந்த அடுப்பு.

லெமன் ஸ்ட்ரீட்டிலிருந்து பிளாக் லயன் யார்டு. அங்கிருந்து ஃபேஷன் ஸ்ட்ரீட். எல்லாம் ஒன்றுக்கொன்று நடந்து போகிற தூரம்தான். ஃபேஷன் ஸ்ட்ரீட் காலத்துக்கு நமக்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. இஸ்ரேல் ஸாங்வில் என்கிற எழுத்தாளர், 1864-ல் லண்டனில் பிறந்த யூதர், பக்கத்துத் தெருவான பெல் லேனில் இருந்த யூத இலவசப் பள்ளிக்கூடத்தில் படித்து அங்கேயே வாத்தியாராகவும் இருந்தவர். 1892-ல் 'சில்ட்ரன் ஆஃப் தி கெட்டோ' என்று ஒரு நாவல் எழுதினார். நாவல் ஆரம்பிப்பதே இந்த சூப் கிச்சனில்தான். எஸ்தர் என்று ஒரு சின்னப் பொண்ணு, கையில் ஜாடியோடு கூட்டத்தில் நிற்கிறாள். குளிர்காலத்துக்கு அன்றைக்குத்தான் கிச்சன் திறக்கிறது. திறப்பு விழா என்றால் பிரசங்கம் இல்லாமலா? கமிட்டிப் பெரியவர்கள் ஒவ்வொருத்தராக எழுந்து பேசுகிறார்கள். ஜனம் குளிரில் காத்துக்கிடக்கிறது. ஒருவழியாக சூப்பும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிற எஸ்தர், மாடிப்படியில் தடுக்கி விழுந்து ஜாடி உடைந்துபோகிறது. மிச்சம் ரொட்டி மட்டும்.

நம்ம ஊரில் இலவச வேட்டி சேலை கொடுக்கிற விழாவுக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதுசாக இருக்காது. மந்திரி வந்து பேசி முடிக்கிறவரை பாட்டிகள் வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும் இல்லையா, அதேதான்.

ஸாங்வில் இதை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் கூட்டம் வேறு அளவுக்குப் போய்விட்டது. 1881-ல் ரஷ்யாவில் ஜார் இரண்டாம் அலெக்சாந்தரைக் குண்டு வைத்துக் கொன்றார்கள். பழி யூதர்கள் மேல் விழுந்தது. கலவரம், கொள்ளை, அப்புறம் சட்டம் போட்டு நெருக்குதல். கிளம்பினார்கள். பெரும்பாலோர் அமெரிக்கா போனார்கள். வழியில் லண்டனில் நின்றுவிட்டவர்களும் நிறைய. 1880 வாக்கில் லண்டனில் யூதர்கள் சுமார் 46,000 பேர். 1900 வாக்கில் சுமார் 1,35,000 பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். அதில் பெரும்பகுதி இந்த ரெண்டு மூணு மைலுக்குள்.

இவர்களுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் தையல், செருப்பு. வீட்டு அறைகளிலேயே நடக்கிற பட்டறைகள். இந்தத் தொழிலில் ஒரு கொடுமை, அது பருவத் தொழில். சீசனில் நாளைக்குப் பதினாலு மணி, பதினாறு மணி நேரம் வேலை. சீசன் முடிந்தால் பட்டறை பூட்டு, கையில் காசு கிடையாது. திருப்பூரில் எக்ஸ்போர்ட் ஆர்டர் இல்லாத மாசங்கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊரில் பஞ்சம் என்றால் மழை பொய்த்து வருகிற ஒரு ஆபத்து. வரும், போகும். இங்கே பசி குளிர்காலம் மாதிரி, வருஷா வருஷம் தேதி தப்பாமல் வருகிற ஒன்று. அதனால்தான் சூப் கிச்சனும் குளிர்காலத்தில் திறந்து, வெயில் வந்தால் மூடும்.

பெரிதாகக் கட்டுவது என்று பேச்சு எடுத்தால் எதிர்ப்பு வராமல் இருக்குமா? அந்தக் காலத்தின் பெரிய கொள்கையே 'கண்டபடி தர்மம் பண்ணாதே' என்பதுதான். 1834 ஏழைகள் சட்டத்திலேயே, உதவி வாங்குகிறவனின் நிலைமை அடிமட்டக் கூலிக்காரனின் நிலைமையைவிட மோசமாக இருக்கவேண்டும் என்று ஒரு தத்துவம். 1869-ல் வந்த தர்ம ஒழுங்குச் சங்கம், விசாரிக்காமல் ஒரு பென்னி கொடுத்தால்கூட ஏழையைக் கெடுக்கிறாய் என்றது. யூத சமூகத்துக்குள்ளும் இதே வாதம். 1859-ல் ஆரம்பித்த யூத கார்டியன்ஸ் போர்டுக்கு, ஆளை விசாரித்து, தையல் மெஷின் கடனாகக் கொடுத்து, தொழில் கற்றுக்கொடுத்து நிமிர்த்துவதுதான் சரியான வழி. சூப் ஊற்றினால் அந்த வேளைக்குப் பசி போகும், அவ்வளவுதானே என்பது அந்தப் பக்கத்து நியாயம். பெரிய கட்டடம் கட்டினால் 'லண்டனில் சோறு இருக்கு' என்று சேதி போய் இன்னும் ஆள் வருவான் என்கிற பயம் வேறு.

அந்த நியாயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. தையல் மெஷின் நல்லதுதான். ஆனால் மெஷின் வாங்கி, தொழில் பிடித்து, கூலி கைக்கு வர மூணு மாசம் ஆகும். ராத்திரிக்கு என்ன பண்ணுவது? சூப் கிச்சன்காரர்களுடைய பதில் அந்த வாசலில் நின்ற வரிசைதான். வரிசை நீண்டுகொண்டே போனது, கட்டினார்கள்.

1902. அப்போது அந்தத் தெருவுக்குப் பெயர் பட்லர் ஸ்ட்ரீட். கட்டடக் கலைஞர் லூயிஸ் சாலமன். இதுவரை கிடைத்த இடத்தில் அடுப்பு வைத்தவர்கள், முதல் முறையாக சூப்புக்காகவே ஒரு கட்டடம் எழுப்பினார்கள். இங்கேதான் எனக்கு விஷயம் சுவாரஸ்யமாகிறது.

அந்த வருஷம் சாதாரண வருஷம் இல்லை. 1901-ல் கிழக்கு லண்டனில் 'பிரிட்டிஷ் பிரதர்ஸ் லீக்' என்று ஒரு அமைப்பு கிளம்பியிருந்தது. வெளிநாட்டு ஏழைகளை உள்ளே விடாதே என்பதுதான் ஒரே கோரிக்கை. 1902 ஜனவரியில் மைல் எண்ட் ரோட்டில், மக்கள் அரண்மனை என்று பெயர் கொண்ட மண்டபத்தில் ஆயிரக்கணக்கில் கூடிக் கூட்டம் போட்டார்கள். இன்றைக்குக் குயின் மேரி கல்லூரி இருக்கிற இடம். நம்ம பசங்க நிறையப் பேர் தினமும் நடக்கிற வாசல். அதே 1902-ல் அரசாங்கம் குடியேறிகளைப் பற்றி ஒரு ராயல் கமிஷனையும் போட்டது.

இப்படி ஒரு நேரத்தில், அங்கிருந்து ஒண்ணரை மைல் தூரத்தில், நெற்றியில் 'யூத ஏழைகளுக்கான' என்று அத்தனை பெரிய எழுத்தில் செதுக்கியிருக்கிறார்கள். வேண்டுமானால் அடக்கமாக ஒரு போர்டு மாட்டியிருக்கலாம். நான் இதை இப்படித்தான் படிக்கிறேன். அந்த எழுத்து வரிசையில் நிற்கிறவனுக்காக எழுதினது இல்லை. அவனுக்குத்தான் வழி தெரியுமே. அது தெருவில் போகிற மற்றவனுக்கு. 'எங்கள் ஏழையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், உன் வரிப்பணத்துக்குப் பாரமில்லை' என்று சுவர் சொல்கிறது. 1656-ல் கிராம்வெல் காலத்தில் யூதர்கள் திரும்ப இங்கிலாந்துக்குள் வந்ததிலிருந்தே தொடர்கிற எண்ணம் இது: நம்மால் யாருக்கும் பாரம் வரக்கூடாது. வெளிநாட்டில் குடியேறின எந்தக் கூட்டத்துக்கும் இந்த எண்ணம் புரியும். நம்ம பெரியவர்களும் இதையேதான் சொல்லி அனுப்புகிறார்கள்.

ஆனால் பாருங்கள், அந்தச் சுவருக்குக் கீழேதான் வரிசை. உள்ளே போகிற ஒவ்வொருத்தர் தலைக்கு மேலும் 'ஏழை' என்று கல்லெழுத்து. கொடுத்தவர்களின் மானத்தைக் காப்பாற்றின அதே எழுத்து, வாங்கினவர்களின் மானத்தைத் தெருவில் வைத்துவிட்டது.

அந்த ரெண்டு கதவுகளை மட்டும் நான் நல்ல விதமாகவே எடுத்துக்கொள்கிறேன். ஒரு கதவென்றால், கொதிக்கிற சூப்பை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறவர் உள்ளே முண்டுகிற கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வரவேண்டும். கையில் ஜாடி, இடுப்பில் குழந்தை. எஸ்தருக்கு மாடிப்படியில் நடந்தது இங்கே வாசலிலேயே நடக்கும். போகிற வழி வேறு, வருகிற வழி வேறு என்று பிரித்தால் வரிசை நகரும், சூப் சிந்தாது, காத்திருக்கிற நேரம் குறையும். ஒரு கஞ்சித்தொட்டியைப் பெரிதாக்குவது என்றால் எல்லாரும் பெரிய அண்டாவைத்தான் நினைப்பார்கள். அண்டா வாங்குவது சுலபம். இடிக்கிற இடம் வாசல்தான்.

இதே யோசனையை இதற்கு முன்னால் ஒருத்தர் வேறு மாதிரி பண்ணியிருந்தார். அலெக்சிஸ் சோயர், லண்டன் ரிஃபார்ம் கிளப்பின் பிரெஞ்சு சமையல்காரர், அந்தக் காலத்து செலிபிரிட்டி செஃப். 1847-ல் அயர்லாந்து உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது அரசாங்கம் அவரை டப்ளினுக்கு அனுப்பியது. மரமும் கித்தானும் வைத்து ஒரு கொட்டகை போட்டார். நடுவில் 300 காலன் கொப்பரை. மேஜையில் குழி வெட்டி கிண்ணம், கிண்ணத்துக்குச் சங்கிலி போட்ட ஸ்பூன். மணி அடித்தால் நூறு பேர் ஒரு பக்கமாக உள்ளே. சாப்பிட்டு முடித்து இன்னொரு பக்கமாக வெளியே. கிண்ணத்தைத் துடைத்து, மறுபடி மணி, அடுத்த நூறு பேர். சராசரியாக ஒரு நாளைக்கு எட்டாயிரத்துச் சொச்சம் பேர் சாப்பிட்டார்கள். வேகம் என்றால் வேகம். ஆனால் திறப்பு நாளன்று, ஏழைகள் சாப்பிடுவதை வேடிக்கை பார்க்க டப்ளின் கனவான்களிடம் அஞ்சு ஷில்லிங் வசூலித்தார்கள். மிருகக்காட்சி சாலையில்கூட டிக்கெட் அவ்வளவு இருந்திருக்காது என்று அப்போதே பத்திரிகைகளில் கண்டனம் வந்தது.

அந்த வருஷம் அயர்லாந்து முழுக்க அரசாங்க சூப் கிச்சன்கள் நடந்தன. 1847 ஜூலையில் உச்சத்தில் ஒரு நாளைக்கு சுமார் 30 லட்சம் பேர் சாப்பிட்டார்கள். சாவு குறைந்தது. செலவும் முந்தைய வேலைத் திட்டங்களைவிடக் குறைவு. செப்டம்பருக்குள் அத்தனையையும் இழுத்து மூடினார்கள். தற்காலிகம் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள், அதனால் மூடினார்கள். பசி தற்காலிகமாக இல்லை. இனிமேல் வொர்க்ஹவுசுக்குப் போ என்றார்கள். பஞ்சம் அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் போனது. கொட்டகையாகப் போட்டதைப் பிரிப்பது சுலபம். செங்கல்லில் கட்டினதை அவ்வளவு சீக்கிரம் மூட முடியாது. பட்லர் ஸ்ட்ரீட்காரர்கள் கல்லில் எழுதி வைத்ததற்கு இப்படியும் ஒரு நியாயம் உண்டு.

பட்லர் ஸ்ட்ரீட், புரூன் ஸ்ட்ரீட் ஆனது. ரெண்டு உலகப்போர் வந்தது. குண்டு வீச்சில் பக்கத்துப் பள்ளிக்கூடம் போய்விட்டது. வசதி வந்த யூதர்கள் ஸ்டாம்ஃபோர்ட் ஹில், கோல்டர்ஸ் க்ரீன் என்று வடக்கே குடிபோனார்கள். அவர்கள் காலி பண்ணின வீடுகளில் சில்ஹெட்டிலிருந்து வந்த வங்காளிகள் குடியேறினார்கள். போக முடியாத வயசானவர்களுக்காக மட்டும் கிச்சன் நடந்துகொண்டே இருந்தது. 1992-ல்தான் மூடினார்கள். ஆரம்பித்து 138 வருஷம். ஒரு குளிர்காலத் தர்மத்துக்கு இது ரொம்ப நீளமான ஆயுசு.

இதே நேரத்தில் வேறொரு பாதையும் திறந்தது. கட்டடம் எழுந்து நாலு வருஷத்தில், 1906-ல், பள்ளிக்கூடக் குழந்தைகளுக்கு உள்ளூர் நிர்வாகம் சாப்பாடு போடலாம் என்று இங்கிலாந்தில் சட்டம் வந்தது. நம்ம சென்னை மாநகராட்சி 1920-ல் ஆயிரம் விளக்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்தது, காமராஜர் 1956-ல் மாநிலத்துக்குக் கொண்டு போனது, எம்.ஜி.ஆர் 1982-ல் சத்துணவாக விரித்தது, 2022-ல் காலைச் சிற்றுண்டி சேர்ந்தது, எல்லாம் நமக்குத் தெரிந்த கதை. இதில் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். யாரும் ஒரு கஞ்சித்தொட்டியைப் பெரிதாகக் கட்டவில்லை. ஆயிரக்கணக்கான சின்ன அடுப்புகளை, பசங்க ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிற இடத்திலேயே வைத்தார்கள். தனியாக ஒரு வரிசை இல்லை, தனியாக ஒரு வாசல் இல்லை. லண்டனில் 2023 செப்டம்பரிலிருந்து அரசு ஆரம்பப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச மதியச் சாப்பாடு. அதுவரை, சின்ன வகுப்புகளைத் தாண்டின பிள்ளைகளுக்குப் பெரும்பாலான இடங்களில் இருந்தது, வீட்டு வருமானத்தைக் காட்டினால் சிலருக்கு மட்டும். 'எல்லாருக்கும்' என்று சொன்ன உடனே 'யார் ஏழை' என்கிற கேள்வி சாப்பாட்டு அறையிலிருந்து போய்விடுகிறது.

பெரியவர்களுக்கும் அப்படி முடியுமா? முடியும். வடலூரில் வள்ளலார் 1867 மே மாசம் சத்திய தருமச்சாலையில் மூட்டின அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அங்கே உன் சாதி என்ன, நிஜமாகவே பசிக்குதா என்று யாரும் விசாரிப்பதில்லை. லண்டனிலேயே சௌத்தாலில் ஹேவ்லாக் ரோடு குருத்வாரா இருக்கிறது. பழைய இடம் போதாமல் சமூகத்து ஜனங்களே காசு போட்டு, சுமார் 1 கோடியே 70 லட்சம் பவுண்டு செலவில் கட்டி, 2003-ல் திறந்தார்கள். லங்கர் கூடம் பிரம்மாண்டம். தலையில் ஒரு துணி கட்டிக்கொண்டு போனால் போதும், சப்பாத்தி, தால், கொஞ்சம் கீர். மாசக் கடைசியில் அங்கே போகாத இந்திய மாணவன் லண்டனில் உண்டா என்ன? :-) அங்கே நமக்குக் கூச்சம் வருவதில்லை. ஏன் என்று யோசித்தால், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் அந்தக் கட்டடத்துக்குக் காசு கொடுத்த கடைக்காரராக இருக்கலாம், சமோசா வியாபாரியாக இருக்கலாம், வேலை போன டிரைவராக இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அந்தக் கூடமும் பெரிதாகக் கட்டினதுதான். ஆனால் நெற்றியில் 'ஏழைகளுக்கான' என்று எழுதவில்லை.

இது சரித்திரம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 1905-ல் வந்த அந்நியர் சட்டம், தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள வழியில்லாதவனைத் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பலாம் என்றது. நம்ம ஸ்டூடண்ட் விசாவில் 'பொதுப்பணத்தில் உரிமை இல்லை' என்று ஒரு வரி இருக்கிறதே, அதற்கு அது பெரியப்பா. 2020 ஊரடங்கில் ஹோட்டல், கடை என்று பார்ட் டைம் வேலை எல்லாம் ஒரே வாரத்தில் போனது. அரசாங்க உதவி கேட்க முடியாது. நியூஹாம் பக்கம் இலவச மளிகைப் பை வாங்க இந்திய, வங்காளதேச, பாகிஸ்தான் மாணவர்கள் தெரு முனையைத் தாண்டி வரிசையில் நின்றார்கள். பேப்பரிலும் டிவியிலும் வந்தது. அப்போது இங்கே படித்துக்கொண்டிருந்த ஒரு சீனியர் அண்ணன் என்னிடம் சொன்னார்: "பசி கூட ரெண்டு நாள் தாங்கிடலாம்டா தம்பி. கேமரா வந்தப்போதான் முகத்தை எங்க வெச்சிக்கிறதுன்னு தெரியலை. ஊர்ல அம்மா நியூஸ் பாப்பாங்களே." மாஸ்க் போட்டிருந்தது நல்லதாப் போச்சு என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதையெல்லாம் படித்ததில் எனக்குப் பட்டது இதுதான். கஞ்சித்தொட்டியைப் பெரிதாக்கலாமா என்று கேட்டால், வரிசை இருக்கிறவரை பெரிதாக்கத்தான் வேண்டும். 'பெரிதாக்கினால் இன்னும் வருவார்கள்' என்று சொல்கிறவர்களுக்கு பட்லர் ஸ்ட்ரீட் ஒரு பதில். வந்தார்கள், சாப்பிட்டார்கள், அவர்களுடைய பிள்ளைகள் டாக்டரும் வக்கீலும் டாக்ஸி டிரைவரும் ஆகி வடக்கே குடிபோனார்கள், கடைசியில் ஆள் குறைந்து கட்டடம் மூடப்பட்டது. சூப் குடித்து யாரும் சோம்பேறி ஆகிவிடவில்லை. ஆனால் பெரிதாகக் கட்டும்போது அண்டா எத்தனை காலன் என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: உள்ளே வருகிறவன் எந்த வாசல் வழியாக வருவான், எத்தனை நேரம் நிற்பான், அவனை யார் பார்ப்பார்கள், சுவரில் என்ன எழுதியிருக்கும்?

லண்டனில் நம்ம கோயில்கள் நிறைய வந்துவிட்டன, அன்னதானமும் நடக்கிறது, இடம் போதவில்லை, பெரிதாகக் கட்டவேண்டும் என்று நிதி திரட்டுவதும் நடக்கிறது. நல்ல விஷயம். கட்டுங்கள். உபயதாரர் பெயர்ப் பலகைக்கு எவ்வளவு பெரிய சுவர் ஒதுக்கலாம் என்று கமிட்டியில் பேசும்போது, வாசலைப் பற்றியும் ஒரு அஞ்சு நிமிஷம் பேசுங்கள்.

அடுத்த முறை ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பக்கம் ஷாப்பிங் போனால், அப்படியே புரூன் ஸ்ட்ரீட்டையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள். டிக்கெட் கிடையாது :-)